மனை எண் பதினேழு

வீட்டுக்கார அக்காவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. மனை வாங்கியவர்களுக்கெல்லாம் விற்றவர்கள் கொடுத்த நீலத் தாள் அது. நான்கு தெருக்கள், பூங்காவுக்கு ஓர் இடம், அறுபத்து நான்கு கட்டங்கள். அதில் பதினேழு என்று எண்ணிட்ட கட்டத்தை மட்டும் மஞ்சள் பென்சிலால் அழுத்தி நிரப்பியிருந்தார். மாடியறையை வாடகைக்குக் கேட்டு நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது, குழாய் எங்கே, குளியலறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே அந்தக் கதவைச் சாத்தி, தாளில் விரலை வைத்து, "இதுதான் நாம" என்றார். மற்ற அறுபத்து மூன்று கட்டங்களும் வெறும் நீலமாகக் கிடந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியிலும் அப்படித்தான். முன்பு மல்லாட்டை என்னும் வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த கொல்லையில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. கற்களுக்கு நடுவே முள்செடி. தூரத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் போகும் பேருந்தின் தலை மட்டும் தெரிந்தது.

சுனாமி வந்துபோன அடுத்த ஆண்டு அது. எனக்குக் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்திருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்கள் மஞ்சக்குப்பம் பக்கம் காலியாக இருந்த வீடுகளையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலைந்து அலைந்து கடைசியில் கிடைத்தது ஊருக்கு வெளியே இருந்த இந்த மாடியறை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நான் சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மூன்று குடும்பம், ஒரே குளியலறை. வருடம் தோறும் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் கூடிக்கொண்டே போக, அப்பா பின்கட்டையும் இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டார். ஒரு பக்கம் அழுதால் மறுபக்கம் என்னவென்று கேட்பார்கள். இருபத்தாறு வயது வரை எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. அந்த மாடியில் முதல் நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த இன்பத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. அதே நிசப்தத்தில்தான் கீழே ஒருவர் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் பெரிதாகப் படவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். பண்ருட்டிக்கு உள்ளடங்கிய கிராமத்தில் விவசாயக் குடும்பம். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒரே மகளை டவுனில் வைத்துப் படிக்கவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீட்டைக் கட்டினார்கள். கட்டிக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, டியூஷன் முடிந்து இருட்டில் அந்தப் பெண் தனியாக நடந்து வர வழியில்லை என்று. மகளை விடுதியில் சேர்த்தார்கள். மகளுக்காகக் கட்டிய வீட்டில் அம்மா மட்டும் மிஞ்சினார். "அங்க இவரு கட்டுற கட்டடம் ஒண்ணொண்ணுலயும் ஒரு ஊரு ஜனம் இருக்குமாம் பாப்பா" என்பார். "ஊருக்கெல்லாம் வூடு கட்டிக் குடுக்குறாரு. இங்க என் வூட்டுக்குப் பக்கத்துல ஒரு செங்கல்லு வைக்க ஆளில்ல."

தெருவிளக்கு கேட்டு மனு கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்து மனு நாளில், இருவருமாகப் போய் வரிசையில் நின்றோம். மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மனிதர். படித்துவிட்டு, "ஒரு வீட்டுக்காக இத்தன போஸ்ட்டு நட முடியுமாம்மா? நாலு ஜனம் வரட்டும். தன்னால லைட்டு வரும்" என்றார். திரும்பி வரும் பேருந்தில் அக்கா என் பக்கம் திரும்பி, "ஜனம் வந்தா லைட்டு வரும்ன்றாரு. லைட்டு இல்லன்னு ஜனம் வரமாட்டேங்குது. இப்ப யாரு மொதல்ல வர்றது?" என்றார். பதிலையும் அவரே சொன்னார்: "நாமதான் மொதல்ல வந்துட்டமே."

அதற்கடுத்த வாரம் மனை விற்ற தரகரின் வீட்டுக்குப் போய், காலையிலிருந்து மாலை வரை அங்கேயே உட்கார்ந்து, மனை வாங்கியவர்களின் முகவரிகளை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி என்று மாவட்டம் முழுக்க இருந்தார்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவும், பின்னால் விலை ஏறும் என்று வாங்கிப் போட்டவர்கள். அவர்கள் எல்லோருக்கும் அஞ்சலட்டை எழுத வேண்டும் என்றார். எட்டாவது வரை படித்தவர். வாக்கியத்தை அவர் சொல்ல, நான் எழுதினேன். "ஐயா, வணக்கம். நான் பதினேழாம் மனையில் குடியிருக்கிறேன். தண்ணீர் அறுபது அடியில் வந்தது, நல்ல தண்ணீர். காற்று நன்றாக வருகிறது. பாம்பு இல்லை. நீங்கள் வீடு கட்ட வந்தால் வேலைக்கு வேண்டிய தண்ணீரை நான் தருகிறேன். சிமெண்டு மூட்டையை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்." பாம்பு இல்லை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினேன். முந்தின நாள்தான் மாடிப்படியின் கீழே ஒன்றைப் பார்த்திருந்தோம். "அது சாரப்பாம்பு பாப்பா. அதெல்லாம் பாம்புல சேத்தியா? நீ எழுது" என்றார்.

அந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் வந்தார்களா, வரவேண்டிய காலம் வந்ததால் வந்தார்களா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் வந்தார்கள். முதலில் ஒரு பேருந்து நடத்துநர் குடும்பம், முப்பத்தொன்றாம் மனையில். அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் போட்ட அன்று முதல் குடம் தண்ணீரை அக்காவே இடுப்பில் சுமந்துகொண்டு போனார். கொத்தனார்களுக்கு இரண்டு வேளை தேநீர் போட்டார். அவர்களுடைய சட்டிகளும் மட்டப்பலகையும் எங்கள் முன்கூடத்தில் கிடந்தன. சிமெண்டு மூட்டைக்கு இடம் விட்டு அவர் சுவரோரமாகப் படுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்த மாலையில் வரைபடத்தில் முப்பத்தொன்றை மஞ்சளாக்கினார். பிறகு பதினெட்டு, நாற்பது, நாற்பத்தொன்று. ஆசிரியத் தம்பதி, மருந்துக்கடைக்காரர், நெய்வேலிப் பக்கம் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த இரண்டு அண்ணன் தம்பிகள். கிராமங்களிலிருந்து ஆட்கள் டவுனை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். என் மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த பேருந்தின் தலை ஒரு நாள் மறைந்துபோனது. நடுவில் ஒரு மாடி எழும்பியிருந்தது. எனக்கு அது வருத்தம். அக்காவுக்குத் திருவிழா.

விளக்கும் வந்தது. மினி பஸ் வந்தது. மளிகைக் கடை வந்தது. வீடுகளோடு சேர்ந்து சுற்றுச்சுவர்களும் வந்தன. கட்டும்போது தினமும் தண்ணீருக்கும் தேநீருக்கும் எங்கள் வாசலுக்கு வந்தவர்களுக்கு, சுவர் எழுப்பிக் கதவு போட்ட பிறகு வருவதற்குக் காரணம் இல்லாமல் போனது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள், மாலையில் களைத்து வருகிறவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்க வந்தவர்கள். அக்கா மட்டும் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழுப்பவில்லை. கணவர் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "அப்பறம் பாத்துக்கலாம், இப்ப என்னா அவசரம்" என்று தள்ளிப்போட்டார்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மணி வாக்கில் அக்கா படியேறி வருவார். கையில் ஒரு கிண்ணத்தில் குழம்போ, பண்ருட்டியிலிருந்து அவர் அண்ணன் கொடுத்தனுப்பிய பலாச்சுளையோ இருக்கும். உட்கார்ந்தால் ஒன்பது மணிதான். மகள் போனில் சொன்னது, இருபத்திரண்டாம் மனையில் கடைக்கால் ஆழம் போதாதது, கொத்தனாரின் மனைவிக்கு உடம்பு சரியில்லாதது. நாள் முழுக்க மனிதர்களின் குரலும் தட்டச்சுச் சத்தமும் கேட்டு வந்த எனக்கு அந்த இரண்டு மணி நேரம் பாரமாக இருந்தது. முதலில் தலைவலி என்றேன். பிறகு, காலையில் சீக்கிரம் போகணும் என்றேன். பிறகு படியில் அவர் காலடி கேட்டதும் விளக்கை அணைக்கப் பழகினேன். ஏழு, ஏழரை மணிக்கு யார் தூங்குவார்கள்? அவர் பாதிப் படியில் நிற்பார். "பாப்பா தூங்கிடுச்சு போல" என்று தனக்குத்தானே, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொல்வார். கிண்ணத்தைக் கைப்பிடிச் சுவரில் மூடி வைத்துவிட்டு இறங்கிப் போவார். காலையில் கிண்ணத்தைக் கழுவிக் கொடுப்பேன். இப்படி எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கொஞ்ச காலத்தில் படியில் காலடி கேட்பது நின்றது.

ஒரு கோடையில் எங்கள் ஆழ்குழாயில் தண்ணீர் வற்றியது. தெரு முழுக்க நூற்றைம்பது, இருநூறு அடிக்குப் போட்டிருந்தார்கள். அத்தனை வீட்டுக் கடைக்காலுக்கும் தண்ணீர் கொடுத்த எங்கள் அறுபது அடிக் குழாய் காற்றை மட்டும் இருமியது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா குடத்தோடு பக்கத்துப் பதினெட்டாம் மனைக்குப் போனார். நானும் ஒரு வாளியோடு பின்னால் போனேன். அந்த வீட்டைக் கட்டியவர் அதை வாடகைக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். கதவுக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்து நின்றாள். "நீங்க எந்த வீடுங்க?" என்று கேட்டாள்.

அக்கா குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "தோ, பக்கத்து வூடுதாம்மா. மோட்டாரு தண்ணி எடுக்கல. ஒரு கொடம் மட்டும்" என்றார்.

"நாங்க வந்து ஆறு மாசம்தாங்க ஆவுது, யாரையும் தெரியல" என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொன்னாள். போய் ரப்பர் குழாயை இழுத்து வந்து கம்பிகளுக்கு நடுவே வெளியே நீட்டினாள். குடமும் நிறைந்தது, என் வாளியும் நிறைந்தது. கதவு திறக்கவில்லை. பூட்டியிருந்தது, சாவி கணவனிடம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. திரும்பும்போது அக்கா, "நல்ல பொண்ணு. கேட்டதும் தண்ணி வுட்டுச்சு" என்றார். அதோடு சரி. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தவர், அன்று மாலை வரை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, கையில் பெரிய படிவக் கட்டு. வெயிலில் வந்தவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று கேட்காமலேயே அக்கா சொல்லிக்கொண்டு போனார். ஆசிரியை சிரித்துவிட்டு, "உங்க வீட்டு விஷயம் சொல்லுங்கம்மா" என்றார். கணவர், மகள், தான் என்று மூன்று பேரைச் சொன்னார் அக்கா. வெளிநாட்டில் இருப்பவரையும் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் இருப்பவளையும் இங்கே சேர்க்க முடியாது என்று ஆசிரியை விளக்கினார். "அப்ப நான் ஒருத்திதானா?" என்று கேட்டுவிட்டு, மாடிப்படியில் நின்றிருந்த என்னைக் காட்டினார். "அதையும் சேத்துக்குங்க. ரெண்டு பேரா எழுதுங்க."

"சமையல் ஒண்ணாவா, தனித்தனியா?" என்று ஆசிரியை கேட்டார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால்தான் ஒரே குடும்பமாம்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு வார்த்தைதான், சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் அலுவலகத்துக்காரி. படிவத்தில் தப்பாக எழுதக்கூடாது என்று பழகியவள். "தனித்தனிங்க" என்றேன், சட்டென்று. ஆசிரியை இரண்டு படிவம் எடுத்தார். கீழ்வீடு, ஒருவர். மேல்வீடு, ஒருவர். சரியான கணக்குத்தான் அது. அந்தச் சரியை நினைத்து நான் இன்றும் சில நேரம் வெட்கப்படுகிறேன்.

அந்த ஆண்டின் கடைசியில் புயல் வந்தது. கிறிஸ்துமஸுக்குச் சிதம்பரம் போயிருந்த நான் இரண்டு நாள் முன்னால்தான் திரும்பியிருந்தேன். விடியும் நேரம் காற்று உக்கிரமானபோது என் அறையின் ஜன்னல் கதவு பெயர்ந்து போனது. கீழே ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுக் கதவுக்கு அரிசி டிரம்மை அண்டக் கொடுத்தார். இருவரும் சமையலறை மூலையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்குமேல் வெளியே வந்தால் தெருவில் ஒரு மின்கம்பம் கூட நேராக இல்லை. அக்காவின் அண்ணன் கொல்லையில் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டதாகப் பண்ருட்டியிலிருந்து செய்தி வந்தது. அதைக் கேட்டு அழுதார். ஆனால் அழுது முடிப்பதற்குள் வேலை வந்துவிட்டது.

பொங்கல் நெருங்கும் வரை மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லை என்றால் எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. மோட்டாரை ஓட்ட டிராக்டரில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். எல்லோர் வீட்டிலும் சுவரும் கதவும் இருந்ததால் வண்டி உள்ளே நுழையவும் கூட்டம் நிற்கவும் இடமிருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். முந்தின வருடம்தான் அக்கா எங்கள் குழாயை ஆழப்படுத்தியிருந்தார். காலையும் மாலையும் தெருவே குடங்களோடு எங்கள் வாசலுக்கு வந்தது. பதினெட்டாம் மனைப் பெண் குழந்தையை அக்கா மடியில் போட்டுவிட்டுத் துணி அலசினாள். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள் இருட்டு. எல்லோரும் நாற்காலிகளை வெளியே போட்டார்கள். யார் எந்த ஊர் என்று அப்போதுதான் விசாரித்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பத்துக்குள் தூரத்து உறவு கூட வெளிவந்தது, "அட, அப்ப நீ எனக்கு மச்சான் மொறப்பா" என்று ஒரே சிரிப்பு. அக்கா ஒவ்வொரு வீடும் எழுந்த கதையைச் சொன்னார். கடைக்காலில் ஊற்று வந்தது, கொத்தனார் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம். தங்கள் வீட்டின் கதையைத் தாங்களே அறியாதவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம், பேச்சுக்கு நடுவில், தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். குழந்தைகள் குதித்தார்கள். பத்து நிமிடத்தில் தொலைக்காட்சிகளின் சத்தம் எழுந்தது. நாற்காலிகள் உள்ளே போயின. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தாழிடும் ஓசை கேட்டது. நானும் செல்போனுக்குச் சார்ஜ் போட மாடிக்கு ஓடினேன். எவ்வளவு நேரம் கழித்து எட்டிப் பார்த்தேனோ தெரியவில்லை. அக்கா வாசலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. இறங்கிப் போக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஐந்தாறு மாதத்தில் எனக்குச் சிதம்பரத்துக்கு மாறுதல் வந்தது. அந்த ஆண்டு ஐப்பசியில், ஒரு புதன்கிழமை, அலுவலகம் விட்டு வரும்போது சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. சரியான கூட்டம். சிமெண்டுப் பலகையில் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்டேன். "அது படிப்பு முடிச்சு மெட்ராஸ் போயி ஒரு வருசம் ஆவுதே பாப்பா" என்று சிரித்தார். நான் மாடியில் இருந்தபோதே போயிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

"அப்பறம் இங்க?"

"புதங்கெழம புதங்கெழம வருவேன். கோயிலுக்குன்னு சொல்லிக்கிறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க ஒக்காந்தா யாராச்சும் எதனா கேப்பாங்க பாப்பா. மணி என்னா, வடலூர் வண்டி போயிடுச்சா, இந்தக் கொழந்தய செத்த புடிங்கன்னு. நம்ம தெருவுல ஜனம் ஜாஸ்தி ஆயிடுச்சு. கேக்குறதுக்குத்தான் ஆளில்ல." அதில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அன்று அவரை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போனேன். சாப்பிட்டார். அதன் பிறகும் இரண்டு மூன்று புதன்கிழமை வந்தார். பிறகு, இடுப்பு வலியோடு கணவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இருவரும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் இருந்த தொலைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. போன வருடம் ஒரு வேலையாகக் கடலூர் போனபோது அந்தத் தெருவுக்குள் நடந்தேன். காலி மனை ஒன்று கூட இல்லை. பதினேழாம் மனைக்கும் சுவர் எழுந்திருக்கிறது. கதவருகே போனேன். உள்ளிருந்து யாராவது வந்து நான் எந்த வீடு என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு அந்தத் தெரு தோன்றுவதில்லை. பேருந்து நிலையத்து மாலைதான் தோன்றுகிறது. வீட்டுக்கு வாருங்கள் என்று நான் அழைத்துக்கொண்டிருந்தபோதே ஒரு வயதான தம்பதி எங்கள் முன்னால் வந்து நின்றார்கள். "பண்ருட்டி வண்டி எங்கம்மா நிக்கும்?" என்று கிழவர் கேட்டார். அக்கா துள்ளி எழுந்தார். "வாங்க, நானே காட்டறேன்" என்று அந்த அம்மாவின் மூட்டையை வாங்கிக்கொண்டார். பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். வண்டியில் ஏறி அவர்களுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, இறங்கி, ஜன்னலுக்குக் கீழே நின்று பேசிக்கொண்டே இருந்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், காலுக்கு என்ன. வண்டி நகர்ந்தது. கூடவே நான்கு எட்டு நடந்து, பிறகு நின்று, கையை உயர்த்தி ஆட்டினார். பேருந்து வளைவில் திரும்பும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பும் இடத்தில், அந்த ஜன்னலிலிருந்து, வளையல் போட்ட ஒரு முதிய கை வெளியே வந்து ஆடியது.